செம்பிக்குப் பிறந்தநாள்: வீட்டில் குதிரை வளர்க்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குதிரைக்குக்கூடப் பிறந்தநாளா என்று முதல் வருடம் கேட்டவர்கள்தாம், இப்போது பொங்கல் முடிந்ததும் "செம்பிக்கு எந்தத் தேதி?" என்று விசாரிக்கிறார்கள். காங்கேயத்தை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் கிளுவை வேலி போட்ட கொரங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். அதில் கொழுக்கட்டைப் புல்லும் ஏழெட்டு வெள்வேல மரங்களும். செம்பி அங்கேதான் மேய்கிறாள். 2016-ஆம் ஆண்டு ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் வாங்கிய செந்நிறப் பெட்டைக் குதிரை அவள். வாங்கி வந்தபோது தலைக்கயிற்றைப் பிடித்தாலே பின்வாங்குவாள். இப்போது என் குரல் கேட்டால் வேலியோரம் வந்து நிற்கிறாள்.

முதல் குதிரையை வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த நாளில் உங்கள் மகிழ்ச்சிக்கு ஒரு கேக்கும் கூட்டமும் போதும். குதிரைக்கு வேண்டியவை வேறு: வயிறு கெடாத தீனி, அவசரப்படாத கை, புரள இடம், பழகிய துணை. அவற்றை ஒரு நாளில் ஒழுங்காகச் சேர்த்துக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் ஒன்பது தைகளாகக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

பிறந்த தேதி தெரியாவிட்டால்

சந்தையில் வாங்கிய குதிரைக்குப் பெரும்பாலும் தேதி இருக்காது. பந்தயக் குதிரைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இந்தியா உள்ளிட்ட வட அரைக்கோள நாடுகளில் தரோபிரெட் குதிரைகள் எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும்; ஆஸ்திரேலியா போன்ற தென் அரைக்கோள நாடுகளில் அது ஆகஸ்டு 1. நம்முடைய நாட்டுக் குதிரைகளுக்குப் பல்தான் ஜாதகம்.

பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் கணக்கு இது: நடு முன்பற்கள் இரண்டும் இரண்டரை வயதில், அவற்றை அடுத்தவை மூன்றரையில், ஓரப் பற்கள் நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பத்து வயதை ஒட்டி மேல்தாடையின் ஓர முன்பல்லில் ஈறருகே பழுப்பு நிறக் கோடு ஒன்று தோன்றும். பதினைந்தில் அது பாதிப் பல் வரை இறங்கும், இருபதில் பல்லின் நுனியைத் தொடும். ஐந்து வயதுக்குப் பிறகு பல் சொல்லும் வயது தோராயம்தான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்லும் வயதை நம்பாமல் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டிக் கேளுங்கள்.

செம்பி வந்தபோது நாலு பல் போட்டிருந்தாள். மருத்துவர் பார்த்துவிட்டு மூன்றரை வயது என்றார். ஆடியிலிருந்து மூன்றரை வருடம் பின்னால் எண்ணினால் தை வருகிறது. நாங்கள் தை பத்தாம் தேதியை எடுத்துக்கொண்டோம். பொங்கல் வெடிச்சத்தமும் விருந்தாளிகளும் ஓய்ந்திருப்பார்கள், காலையில் பனி இருக்கும், சவாரிக்கு அதைவிட நல்ல பருவம் எங்கள் பக்கம் கிடையாது. உங்களுக்கும் தேதி தெரியாவிட்டால் பல் காட்டும் பருவத்துக்குள் ஒரு குளிர்ந்த நாளாகப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். சித்திரையில் வந்தால் சவாரியை விட்டுவிட்டுக் குளிப்பாட்டலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வயதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குதிரையிடம் என்ன கேட்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஒரு வயதுக் குட்டியிடம் தலைக்கயிற்றோடு நடப்பது, கால் தூக்கிக் காட்டுவது ஆகியவற்றைத் தாண்டி எதுவும் கேட்காதீர்கள். மூன்று வயதில் சேணத்தின் கனத்தைப் பழக்கலாம். நாலு வயதில் எடை குறைந்த ஆள் ஏறி, சிறிது நேரம் நடை மட்டும். முதுகெலும்பின் வளர்ச்சி முழுமை பெற ஐந்து வயதைத் தாண்டிவிடும். இரண்டு வயதுக் குட்டி உயரமாகத் தெரிகிறது என்று ஏறி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இருபது கடந்த கிழக் குதிரைக்கு ஏறாமல் கையில் பிடித்துக் கூட்டிப்போகும் உலாவே நல்ல கொண்டாட்டம்.

ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டியவை

பிறந்தநாளை வருடாந்திரப் பரிசோதனைக்கான நாளாக வைத்துக்கொண்டால் எதுவும் விட்டுப்போகாது. ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவரை வரச் சொல்லுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி (குதிரையைப்போல அந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் வீட்டு விலங்கு வேறில்லை), குடற்புழுவுக்குச் சாணப் பரிசோதனை, பல் பார்ப்பது ஆகிய மூன்றையும் கேட்டுச் செய்யுங்கள். குதிரைப் பல் வாழ்நாள் முழுவதும் ஈறிலிருந்து மேலெழுந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் தேயாமல் கூர்மையாக நின்றுவிட்டால் கன்னத்தைக் கிழிக்கும். தீனியை மென்று உருண்டையாகக் கீழே துப்பும். கடிவாளம் போட்டால் தலையை உதறும். அந்தத் தலை உதறலைத் திமிர் என்று நினைத்து லகானை இழுக்கிறவர்கள் உண்டு. பல்லின் கூர்மையை அரத்தால் ராவி விட்டால் அன்றைக்கே அடங்கும் தொல்லை அது.

லாடம் அடிப்பவரை ஆறு வாரம் முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை அழைப்பது வழக்கம். பிறந்தநாளுக்கு முதல் நாள் வேண்டாம். புதிதாகச் சீவிய குளம்பில் சில குதிரைகள் இரண்டொரு நாள் கூசி நடக்கும். நாலைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

அடுத்து எடை. எடைமேடை தேவையில்லை, தையற்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், சேணவார் விழும் இடத்தில் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்புட்டத்தின் முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். செம்பிக்குச் சுற்றளவு 160, நீளம் 150. கணக்குப் போட்டால் 323 கிலோ. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அப்படிப் பார்த்தால் செம்பிக்கு 65 கிலோ. எங்கள் சேணம் 7 கிலோ. ஆக 58 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் அவள் மேல் ஏறுவதில்லை. என் அண்ணன் 80 கிலோ. அவர் வருடா வருடம் கயிறு பிடித்து நடக்கிறார். இந்த எண்ணைக் கணக்கோடு சொல்லிவிட்டால் பிறந்தநாளன்று யாருடைய மனமும் கோணாமல் மறுக்கலாம்.

கோணாமல் மறுக்க வேண்டிய இன்னொன்று குழந்தைகளின் வரிசை. "அத்தை, ஒரே ஒரு சுற்று" என்று பத்துப் பிள்ளைகள் நின்றால் அது பத்துச் சுற்று. நான் இரண்டு பேரைத்தான் ஏற்றுவேன், யார் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். மற்றவர்களுக்குத் தேய்த்துவிடும் வேலை, காரட் நறுக்கும் வேலை.

மாலையும் அலங்காரமும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் வருடம் ஒரு உறவினர் ஆசையாக ஒரு மாலை வாங்கி வந்தார். ஆளுயர மாலை. சம்பங்கி, துளசி, இடையிடையே இளஞ்சிவப்புப் பூ. செம்பியின் கழுத்தில் போட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கழுத்தை வளைத்து, மேலுதட்டை விரல்போல நீட்டி, ஒரு பூவை உருவப் போனாள். அப்போதுதான் அந்த இளஞ்சிவப்பு என் கண்ணில் சரியாகப் பட்டது. அரளி. மாலையை அறுத்தே எடுத்தேன். அவள் உதட்டில் ஒட்டியிருந்த ஓர் இதழை விரலால் வழித்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்தாலும் நஞ்சு போகாது. ஒரு கைப்பிடிக்கும் குறைவான இலை ஒரு குதிரையைக் கொன்றுவிடும். நம் ஊர்ப் பூக்கடைகளில் மாலைக்கு அரளி சாதாரணமாகச் சேர்க்கும் பூ என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மாலை வேண்டுமென்றால் நீங்களே கட்டுங்கள். நாங்கள் இப்போது அறுகம்புல்லையும் காரட் இலையையும் வாழைநாரில் கட்டிப் போடுகிறோம். ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றி அவளுக்கே தீனியாகக் கொடுத்துவிடுகிறோம், நாரை உருவிய பிறகு. லாயத்தைச் சுற்றி அரளிச் செடி இருந்தால் பிறந்தநாளுக்குக் காத்திராமல் இன்றைக்கே தோண்டி எடுத்துவிடுங்கள். ஆமணக்கு விதையும் உன்னிச் செடியும் அதே பட்டியலைச் சேர்ந்தவை.

பலூன் வேண்டாம். வெடி வேண்டவே வேண்டாம். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் அதற்குத் தெரியும். நேர் பின்புறமும் மூக்குக்கு அடியில் ஒரு சிறு இடமும்தான் மறைவு. எங்கோ ஒரு காகிதத் தோரணம் படபடத்தாலும் அது பார்த்துவிடும், ஓடுவதா நிற்பதா என்று அதன் உடம்பு உடனே கேட்கும். பிடரி மயிரைப் பின்னிவிடுவது அழகு. குதிரைக்கும் அது இதமான வேலை. மஞ்சள் குங்குமம் நெற்றியில் கொஞ்சமாக, கண்ணுக்கு வெகுதூரத்தில். கண்ணில் விழுந்தால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

காலை: தேய்ப்பும் தரைப் பயிற்சியும்

விடிந்ததும் முதலில் காய்ந்த புல் ஒரு கட்டு. வெறும் வயிற்றோடு குதிரையை வேலை வாங்கக் கூடாது. அதன் வயிற்றில் அமிலம் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும், ஓட்டத்தில் மேலே தெறித்துப் புண்ணாக்கும். நார்த் தீனி கொஞ்சம் உள்ளே இருந்தால் அது மெத்தைபோல நின்று காக்கும். கொள்ளு முதலான கெட்டித் தீனி மட்டும் சவாரிக்கு முன்னால் வேண்டாம்.

புல்லைத் தின்னும்போதே தேயுங்கள். ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பி, பிறகு பிரஷ்ஷால் முடி படிந்த திசையில் இழுத்துவிட வேண்டும். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு இருக்கிறதே, அங்கே விரல் நகங்களால் நன்றாகச் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பற்களால் சொறிந்துகொள்ளும் இடம் அது; அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறைகிறது என்று ஆய்ந்து கண்டிருக்கிறார்கள். செம்பிக்கு அந்த இடத்தில் கை பட்டதும் கழுத்து நீளும், மேலுதடு ஒரு பக்கமாகக் கோணித் துடிக்கும், கண் பாதி மூடும். பத்து நிமிடம் அப்படியே கொடுங்கள். அன்றைய நாளின் பெரிய பரிசு அதுதான் என்பது என் துணிபு.

பிறகு குளம்பு. ஒவ்வொரு காலாகத் தூக்கி, குதிகாலிலிருந்து நுனி நோக்கிக் கொக்கியால் மண்ணைக் கிளறி எடுங்கள். நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதியைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட வாடை அடித்தால் அழுகல் தொடங்கியிருக்கிறது, தரை ஈரத்தைக் கவனிக்க வேண்டும்.

தரைப் பயிற்சியை எப்போதும்போலச் செய்யுங்கள்: நடத்து, நிறுத்து, இரண்டு எட்டுப் பின்னால் தள்ளு, பின்புறத்தை ஒதுக்கச் சொல். நாலும் பழகிய பாடங்கள். இவற்றில் விதி ஒன்றுதான். கயிற்றிலோ கையிலோ நீங்கள் கொடுக்கும் அழுத்தம், குதிரை சரியாகச் செய்ய முனைந்த அந்தக் கணத்தில் நின்றுவிட வேண்டும். செய்து முடித்த பிறகு விடுவது தாமதம். அது ஒரு காலை அசைக்கும்போதே விட்டுவிடுங்கள். எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரிந்துவிடும்.

சுற்றுக் கயிற்றில், அதாவது நீளக் கயிற்றில் பிடித்து உங்களைச் சுற்றி, ஓட்டுவதாக இருந்தால் அறுபது அடிக்குக் குறையாத அகலத்தில் வட்டம் போடுங்கள். குறுகிய வட்டம் மூட்டைத் தின்றுவிடும். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம், திசை மாற்றி இன்னோர் ஐந்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றைக் கையில் வளையமாகச் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்து மடித்துப் பிடியுங்கள், குதிரை உதறினால் மடிப்பு பிரிந்து போகும், விரல் போகாது.

பிறந்தநாளுக்கென்று ஒரு புதுப் பாடம்

ஒவ்வொரு தைக்கும் செம்பிக்குப் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுப்பது எங்கள் வழக்கம். முதல் முறையாகச் செய்கிறவர்களுக்குத் தொடும் பாடம் மிக எளிது, குதிரைக்கும் பிடித்துப்போகும்.

ஒரு குச்சியின் நுனியில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பந்து ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். நீலமும் மஞ்சளும் குதிரைக்குத் தெளிவாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது அதற்குக் கடினம். இடுப்பில் ஒரு துணிப்பையில் நீளவாக்கில் நறுக்கிய காரட் துண்டுகள். பந்தைக் குதிரையின் மூக்குக்கு ஓரடி தள்ளி நீட்டுங்கள். எதுவும் சொல்லாதீர்கள், மூக்கில் இடிக்காதீர்கள். ஆர்வத்தில் தானாகவே மோந்து பார்க்க வரும். மூக்கு பந்தில் பட்ட அந்த நொடியில் "சபாஷ்" என்று ஒரே குரலில் சொல்லுங்கள், உடனே ஒரு துண்டு. சொல்லுக்கும் தின்பண்டத்துக்கும் இடையே ஓரிரு நொடிக்கு மேல் போகக் கூடாது. ஐந்து முறை. அவ்வளவுதான். பந்தை மறைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

செம்பிக்கு முதல் இரண்டு தொடலும் தற்செயல். மூன்றாவதில் பந்தைத் தொட்டுவிட்டு என் இடுப்புப் பையைப் பார்த்தாள். நான்காவதில் நான் பந்தை நீட்டும் முன்பே காதுகள் இரண்டும் முன்னால் திரும்பி நின்றன. அந்தக் காதுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. பிறகு அந்தப் பந்தை வைத்தே வண்டிக்குள் ஏறவும் தார்ப்பாயின் மேல் நடக்கவும் அடியின்றிப் பழக்கிவிட்டோம்.

ஒரு எச்சரிக்கை: பையை மூக்கால் இடித்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். முகம் நேராக நின்றபோது மட்டும் கொடுங்கள். விட்டுக்கொடுத்தால் நாலு நாளில் கடிக்கத் தொடங்கிவிடும்.

சவாரி

சேணம் போடுமுன் முதுகு முழுவதும் உள்ளங்கையால் தடவுங்கள், பிறகு சேணத்துணியின் அடிப்பக்கத்தையும் தடவுங்கள். எங்கள் பக்கம் வெள்வேல முள் துணியில் ஏறிக்கொள்ளும். ஒருநாள் ஏறி உட்கார்ந்ததும் செம்பி முதுகைக் கூனிக் குதித்தாள். இறங்கித் துணியைத் திருப்பினால் அரை அங்குல முள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

சேணத்தைச் சற்று முன்னால் வைத்துப் பின்னால் நகர்த்தினால் முடி படியும். வாரை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிவிட்டு, பத்து எட்டு நடத்திவிட்டு மறுபடியும் பாருங்கள். பல குதிரைகள் முதல் இறுக்கலில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஏறும்போது சேணம் பக்கவாட்டில் சரிவது அதனால்தான். அங்கவடியின் (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) நீளத்துக்கு ஒரு கணக்கு: விரல் நுனியைச் சேணத்தில் வைத்தால் அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். செருப்போடு ஏறாதீர்கள், சிறு குதிகால் வைத்த, முழுப்பாதம் மூடிய காலணி வேண்டும், இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து சிக்கிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது இப்படித்தான் நேர்கிறது.

இடப்பக்கம் நின்று, ஒரு திண்ணையிலோ உறுதியான முக்காலியிலோ ஏறி அங்கிருந்து உட்காருங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறினால் முதுகு ஒரு பக்கமாக முறுக்கப்படும்.

பிறந்தநாள் சவாரிக்கு நாங்கள் நாற்பது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை, அதில் பாதிக்கு மேல் வெறும் நடைதான். முதல் பத்து நிமிடம் லகானைத் தளர்த்திக் கொரங்காட்டு வேலியோரமாக நடை. அடுத்து, தரையில் போட்ட நாலு மூங்கில் கழிகளைத் தாண்டும் விளையாட்டு. நடைக்குக் கழிகளுக்கிடையே இரண்டரை அடி போதும். நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளுநடைக்கு நாலடி அளவில் வைத்து, குளம்பு கழியில் இடிக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மூங்கில் உருண்டால் கால் பிசகும். இரண்டு பக்கமும் மண்ணை அணைத்துவையுங்கள். கழிகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் நன்றாகத் தெரியும். இந்தச் சின்ன வேலையில் குதிரை தலையைத் தாழ்த்தி, முதுகைத் தூக்கி, ஒவ்வொரு காலையும் எண்ணி வைக்கும். ஓட்டப் பந்தயத்தைவிட இதில் அதற்கு உடம்பும் மனமும் நன்கு வேலை செய்வதாக எனக்குப் படுகிறது.

பிறகு ஐந்தாறு நிமிடம் துள்ளுநடை, இரு திசையிலும். புதியவர்கள் அதன் தாளத்தோடு எழுந்து உட்காரப் பழக வேண்டும், தடதடவென்று இடுப்பில் விழக் கூடாது. பாய்ச்சல் தெரிந்தவர்கள் ஒரு நேர்ப்பாதையில் ஒரு முறை விடலாம். தெரியாதவர்கள் பிறந்தநாளன்று கற்றுக்கொள்ள வேண்டாம், பார்வையாளர் முன்னால் பயமும் அவசரமும் சேர்ந்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடம் மீண்டும் நடை. இறங்கி வாரைத் தளர்த்திக் கையில் பிடித்து வீடு வரை நடங்கள். வேர்வையோடு இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. குடிக்கட்டும். ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும் பிராணி அது. கழுத்து, மார்பு, கால்களில் தண்ணீர் ஊற்றி, பிறகு அவிழ்த்துவிடுங்கள், புரளட்டும். புரள ஓர் இடம் செய்துகொடுப்பது நல்ல பிறந்தநாள் பரிசு: பத்தடிக்குப் பத்தடி, கல்லும் முள்ளும் பொறுக்கி, ஓரடி ஆழம் கொத்தி, ஆற்று மணலோ சலித்த செம்மண்ணோ நிரப்பினால் முடிந்தது. இரண்டு வண்டி மண்ணுக்குச் செம்பி பட்ட ஆனந்தத்தை விலைகொடுத்து வாங்க முடியாது.

விருந்து

மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்தபோது, அரேபியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் இறங்கிய குதிரைகள் வருடம் திரும்புவதற்குள் பெரும்பாலும் மடிந்துபோவதைக் குறித்துவைத்தார். வேகவைத்த சோறும் இறைச்சியும் தீனியாகக் கொடுத்ததையும், பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாததையும் அவர் எடுத்துச் சொல்கிறார். பாசத்தால் சர்க்கரைப் பொங்கலைக் குதிரைக்கு நீட்டும் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வரும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையும் உடம்பின் அளவுக்குச் சிறியது. உள்ளே போனது கெட்டதாக இருந்தால் குடல் வழியாகப் போவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. பக்கத்துத் தெருவில் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். முதல் வருடம் வந்து பார்த்துவிட்டு, "அம்மிணி, குதிரைக்கு உயிர் வயிற்றில் இருக்கிறது. புதிதாக ஒன்றும் போடாதே" என்றார். நான் கேட்ட அறிவுரைகளில் இன்னும் மாற்றாமல் வைத்திருப்பது இதுதான்.

கேக், ரொட்டி, மைதாப் பண்டம், சாக்லெட், வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். பச்சைச் சோளப் பயிரில் மேய விடவும் வேண்டாம். மாட்டுக்குப் பழகிய தீனி என்று நினைப்போம், குதிரைக்குச் சிறுநீர்ப்பையும் பின்னங்கால்களும் கெட்டுப்போகும். எங்கள் பிறந்தநாள் தட்டில் இருப்பவை: இரண்டு காரட், ஒரு ஆப்பிள், ஒரு வாழைப்பழம், தர்ப்பூசணித் தோல் ஒரு கீற்று, நெல்லிக்காய் அளவு வெல்லம். காரட்டை நாணயம்போல வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும், விரல்போல நீளமாக நறுக்குங்கள். ஊறவைத்த கொள்ளு வழக்கமான அளவுதான், பிறந்தநாள் என்று ஒரு கைப்பிடி கூட்டுவது கிடையாது. கெட்டித் தீனி மிகையானால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் போகும் குதிரைகள் உண்டு. சிலவற்றுக்கு அது வாழ்நாள் துன்பம். விருந்தாளிகள் கையில் காரட் கூடையைக் கொடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு துண்டு, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, பெருவிரலை ஒட்டிவைத்துக்கொண்டு.

செம்பியின் தட்டில் அவளுடைய இரண்டு வெள்ளாடுகளுக்கும் பங்கு உண்டு. இன்னொரு குதிரை வளர்க்க எங்களுக்கு வசதியில்லை. கூட்டமாக வாழும் பிராணியைத் தனியாகக் கட்டிப்போடவும் மனம் வரவில்லை. ஆடுகள் வந்த பிறகுதான் அவள் இரவில் படுத்துத் தூங்கத் தொடங்கினாள்.

சாயங்காலமும் மறுநாளும்

கூட்டம் கலைந்ததும் ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள்: எடை, ஊசி போட்ட தேதி, அடுத்த லாடம் எப்போது, புதுப் பாடம் என்ன. அன்று குதிரை ஓய்வாக இருக்கும்போது நாடியையும் எண்ணி எழுதிவையுங்கள். தாடை எலும்பின் உட்பக்கம் விரல் வைத்தால் கயிறுபோல நழுவும் ஒரு நாளம் கிடைக்கும். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை சரி. மூச்சு 8 முதல் 16. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். உங்கள் குதிரையின் வழக்கமான எண் உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் நோய் வந்த நாளில் வித்தியாசம் தெரியும்.

இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைப் பறிப்பது, படுப்பதும் எழுவதுமாக இருப்பது, சாணம் போடாமல் இருப்பது என்றால் வயிற்று வலி. தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுவது மாட்டுக்குச் செய்யும் பழக்கம். குதிரைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மறுநாள் காலை லாயத்துக்குப் போனதும் முதலில் நாலு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை தடவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சுட்டால் அன்றைக்குச் சவாரி இல்லை. பிறகு சாணத்தை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு குவியல் போடும் குதிரை இரவில் நாலைந்தாவது போட்டிருக்க வேண்டும். உருண்டை உருண்டையாக, லேசாக ஈரத்தோடு, கீழே விழுந்து உடையும் பதத்தில். போன தையில் அப்படி ஐந்து குவியல் எண்ணி முடித்து நிமிர்ந்தபோது செம்பி வேலியோரம் நின்று என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் பந்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். போய் எடுத்து வந்தேன்.